பரீட்சைக்கு வராத வசனங்கள்

திங்கள், புதன், வெள்ளி முற்பகல்களில் உள்துறைமுக வீதியால் போகிறவர்களுக்கு, கயிறும் மீன்வலையும் விற்கும் ஒரு கடையின் மேல்மாடியிலிருந்து பெண்கள் ஒரே குரலில் எதையோ ஓதுவது கேட்கும். வெளியூர்க்காரர் ஒருவர் அதை மதரசா என்று நினைத்தார். இன்னொருவர் பஜனை என்றார். இரண்டும் இல்லை, அது ஜேர்மன் வகுப்பு. ஆனால் அவர்கள் முழுக்கப் பிழையாகவும் நினைத்துவிடவில்லை. பொருள் தெரியாமல் ஓதினாலும் பலன் கிடைக்கும் என்ற நம்பிக்கை எங்கள் கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் ரியூசன் கொட்டிலுக்கும் பொதுவானது.

ஓதப்படுவது இவ்வளவுதான். 'இஷ் ஹைசெ' என்று தொடங்கிப் பெயர். பிறகு வயது. இலங்கையிலிருந்து வருகிறேன், திருகோணமலையில் வசிக்கிறேன், தமிழும் கொஞ்சம் ஆங்கிலமும் பேசுவேன், என் பொழுதுபோக்கு சமையலும் வாசிப்பும். பாடசாலைப் புத்தகத்துக்கு வெளியே ஒரு பக்கம்கூட வாசிக்காத பெண்ணும் வாசிப்பு என்றுதான் சொல்லுவாள். அப்படித்தான் குறிப்பில் இருக்கிறது.

வகுப்பை நடத்துபவர் நஜ்முன் நிஸா. கிண்ணியாவில் பிறந்தவர், நாற்பதைத் தாண்டியவர். கணவர் அன்ஸார் துறைமுகத்தில் கோதுமைக் கப்பல் வரும் துறையில் நிறை பார்க்கிறார். பிள்ளைகள் இல்லை. நகரத்தில் நிஸா ரீச்சர் என்றால் கடைக்காரர்களும் வழி காட்டுவார்கள்.

அவர் ஜேர்மன் படித்தது ஆத்திரத்தில். சுனாமிக்குப் பிறகு கிண்ணியாவில் வீடு கட்டிக்கொடுக்க வந்த ஒரு ஜேர்மன் உதவி அமைப்பில் அவருக்கு எழுத்து வேலை கிடைத்தது. கூட்டங்களில் வந்தவர்கள் இவர்களோடு ஆங்கிலத்தில் பேசுவார்கள். முடிவெடுக்கும் இடம் வந்ததும் தங்கள் மொழிக்குத் திரும்பிவிடுவார்கள். தன் ஊருக்கு எங்கே வீடு, எங்கே கிணறு என்பதைத் தன் முகத்துக்கு முன்னாலேயே தனக்குப் புரியாமல் தீர்மானிக்கிறார்கள் என்பது அந்த இளம்பெண்ணுக்குப் பொறுக்கவில்லை. பழைய பாடப்புத்தகம் ஒன்றைத் தேடிப்பிடித்தார். சமையற்காரரிடம் கேட்டார், சாரதியிடம் கேட்டார், அந்த அமைப்பின் பொறியியலாளரிடமே கூச்சமில்லாமல் கேட்டார். வினைச்சொல் தமிழில் போலவே வசனத்தின் கடைசியில் போய் நிற்கும் இடங்களில் அவருக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவு தூரம் போய்ப் பார்த்தால் நம் வீட்டு வாசல் மாதிரி இருக்கிறதே என்று தோன்றியதாம்.

ஒரு நாள் கூட்டத்தில் வரைபடத்தை விரித்து அவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது, நிஸா எழுந்து ஜேர்மனில் சொன்னார்: "இல்லை. அந்த இடத்தில் கிணறு உப்புத்தண்ணீர்." எல்லாத் தலைகளும் திரும்பின. ஒரு வரிசை வீடுகள் மறுபக்கம் நகர்ந்தன. அந்த வசனத்தின் ருசிக்காகத்தான் கொழும்பில் பரீட்சைக்கு மேல் பரீட்சை எழுதினார். பிறகு தானே கற்பிக்கத் தொடங்கினார்.

அவரிடம் வந்தவர்களுக்கோ ருசி தேவையில்லை. அவர்கள் மணப்பெண்கள். கணவன் ஜேர்மனியில் இருக்கிறான். அவனோடு போய் வாழ வேண்டுமென்றால் ஜேர்மன் மொழியில் ஆரம்பப் பரீட்சை சித்தியடைய வேண்டும். கலியாணம் செய்த பெண் கணவனிடம் போவதற்கு மொழிப் பரீட்சை. சில பணக்கார நாடுகளின் பிரஜைகளுக்கு இந்தப் பரீட்சை கிடையாது. அவர்கள் ஒரு சொல் தெரியாமலும் கணவனிடமோ மனைவியிடமோ போய்ச் சேரலாம். பக்கத்துச் சல்லிக் கிராமத்தில் வலை காயப்போடும் வீட்டுப் பெண்தான் தன் பொழுதுபோக்கு என்னவென்று அதிகாரிகளுக்குத் திருத்தமாகச் சொல்ல வேண்டும். சட்டத்துக்குக் காரணம் கேட்டால், பெண்கள் அங்கே வந்து அடைபட்டுப் போகாமல் இருக்கவே என்பார்கள். எவ்வளவு அழகான காரணம். அது நடைமுறையில் என்ன செய்தது என்பதுதான் இந்தக் கதை.

முதல் ஆண்டுகளில் நிஸா மொழியைக் கற்பித்தார். பெண்களைச் சண்டை பிடிக்கவைத்தார், பேரம் பேசவைத்தார், பொய் சொல்லவைத்தார். வகுப்பு சிரிப்பாகவே நடந்தது. பரீட்சையில் பாதிப் பேர் தவறினார்கள். சீதனம் கொடுத்து, மண்டபம் பிடித்து, கலியாணப் பதிவு எழுத்தும் எழுதி முடித்த வீடுகளில் பெண் மறுபடி மறுபடி தவறினால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. தாய்மார் மேல்மாடிக்கு ஏறிவந்து அழுதார்கள். "ரீச்சர், அவளுக்குப் பாஷை வரவேண்டாம். சேட்டிபிக்கட் வந்தால் காணும்."

அதனால் நிஸாவும் ரியூசன் வழிக்கு வந்தார். பரீட்சையைப் பிரித்துப் பார்த்து, எங்கே பிழை வருகிறது என்று கண்டுபிடித்தார். பேச்சுப் பரீட்சையின் கடைசிப் பகுதியில் எதிரில் இருப்பவர் ஒன்று கேட்பார்: சன்னலைத் திறக்க முடியுமா, பேனை தர முடியுமா. முடியாது என்று சொன்னால் காரணம் சொல்ல வேண்டிவரும். காரணம் சொல்லப் போனால் பிழை வரும். பிழை வந்தால் புள்ளி போகும். ஆகவே எது கேட்டாலும் ஒரே பதில்: யா, கேர்ன். ஓம், சந்தோஷமாக. அதைச் சிரித்துக்கொண்டே சொல்லப் பழக்கினார். அதற்குப் பிறகு அவரிடம் படித்தவர்கள் அனேகமாகத் தவறவில்லை. சித்தியடைந்தவர்களின் படங்களைப் போட்டு வீதியைப் பார்த்து ஒரு பனர் தொங்கியது. அதன் நடுவில் எல்லோரையும்விடப் பெரிய படம் சிவாஜினியுடையது. அவளுக்குத்தான் அதிகப் புள்ளி.

சிவாஜினி சல்லியைச் சேர்ந்தவள். தகப்பன் சிவபாதம் கடலுக்குப் போகிறவர், தாய் யோகம்மா. ஒரு தங்கச்சியும் உண்டு. மாப்பிள்ளை கிருஷாந்தன் சிறு வயதிலேயே ஜேர்மனிக்குப் போனவன், வடக்கே ஒரு சிறிய நகரத்தில் களஞ்சியம் ஒன்றில் அதிகாலை வேலை. அவள் போய் ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. போன புதிதில் பனிப் படம் ஒன்று அனுப்பியவள், பிறகு ஒன்றும் அனுப்பவில்லை.

ஒரு காலை, வகுப்புக்கு முன்னால் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது நிஸாவின் ஃபோன் அடித்தது. சிவாஜினி. அவன் வேலைக்குப் போயிருக்கிறான், அவள் கர்ப்பம், சுகமாக இருக்கிறாள் என்றெல்லாம் சொல்லிவிட்டு, நடந்ததைச் சொன்னாள்.

இரண்டு நாளைக்கு முன்னர் அவன் அடித்திருக்கிறான். முதல் தடவை அல்ல. இந்தத் தடவை சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர்கள் பொலிசுக்குச் சொல்லிவிட்டார்கள். வாசலில் ஒரு ஆணும் பெண்ணும் நின்றார்கள். அந்தப் பொலிஸ்காரி இவளைப் பார்த்து, மெதுவாக, அன்பாக எதையோ கேட்டாள். பதில் சொல்ல வேண்டும் என்று சிவாஜினிக்குத் தெரிந்தது. வாயைத் திறந்தாள். வந்தது இதுதான்: இஷ் ஹைசெ சிவாஜினி. வயது இருபத்தாறு. இலங்கையிலிருந்து வருகிறேன். என் பொழுதுபோக்கு சமையலும் வாசிப்பும்.

நிறுத்த முடியவில்லையாம். ஒரு வரி வந்தால் அடுத்த வரி தானாக வந்தது. பொலிஸ்காரி இன்னொன்று கேட்டாள். யா, கேர்ன் என்றாள் சிவாஜினி. பழக்கியபடி சிரித்துக்கொண்டே சொன்னாள். கிருஷாந்தனும் சிரித்தான். சரளமான ஜேர்மனில் ஏதோ விளங்கப்படுத்தினான். அவர்கள் போய்விட்டார்கள்.

"நான் எல்லாத்தையும் பிழையில்லாமல்தான் சொன்னனான், மிஸ்," என்றாள் சிவாஜினி.

அன்று வகுப்பில் ஓதல் நடக்கவில்லை. நிஸா பலகையில் ஒரு வசனம் எழுதினார். மைன் மன் ஷ்லேக்ட் மிஷ். என் கணவர் எனக்கு அடிக்கிறார். அதற்குக் கீழே: எனக்கு உதவி வேண்டும். அதற்குக் கீழே: இல்லை. சொல்லுங்கள் என்றார். பிரசாந்தி என்ற பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ரிஸ்னா தலையைக் குனிந்துகொண்டாள். அடுத்த மாதங்களில் கலியாணமோ விமானமோ காத்திருக்கும் பெண்கள். ஒருத்தியும் திருப்பிச் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டார். அபசகுனமான சொல்லாம்.

அடுத்த வகுப்புக்குப் பிள்ளைகளுக்கு முன்னால் பிரசாந்தியின் தாய் வந்தாள்.

"ரீச்சர், வாற மாசம் கலியாணக் கூறை எடுக்கப் போறம். இந்த நேரம் பார்த்துப் பிள்ளையின்ர வாயால இப்பிடிச் சொல்லு வரலாமோ?"

"தேவப்பட்டாச் சொல்லத்தானே பழக்குறன்."

"தேவைப்படாது."

"தேவப்படாட்டி நல்லம். குடை கொண்டுபோறதாலயா மழை வருது?"

"குடையும் வாயும் ஒண்டோ? வாயால சொன்னால் நடக்கும்."

அன்று பின்னேரம் ரிஸ்னாவின் அண்ணன் நஸ்ரி வந்தான். மரியாதையானவன், கதிரையின் நுனியில்தான் இருந்தான். மாப்பிள்ளை வீட்டார் கேள்விப்பட்டால் என்ன நினைப்பார்கள் என்றான். பிறகு கேட்டான்: "ராத்தா, இது பரீட்சைக்கு வருமா?"

"வராது."

"பின்ன?"

இந்த இரண்டு வீட்டுக்காரர்களும் ஒருவர் நல்லது கெட்டதுக்கு மற்றவர் போகாதவர்கள். ஊரில் ஒரு கல் விழுந்தால் அது யார் எறிந்த கல் என்று முதலில் கேட்கிறவர்கள். இந்த விஷயத்தில் ஒரே நாளில் ஒன்றுபட்டார்கள். இன நல்லிணக்கத்துக்கு ஹோட்டல்களில் கருத்தரங்கு நடத்துகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். பெண்ணின் வாயை மூடுவது என்று வந்தால் எங்களுக்குள் பேதமில்லை.

நிஸா பலகையை அழிக்கவில்லை. பெண்கள் குறையத் தொடங்கினார்கள்.

காலையில் கிருஷாந்தன் வேலைக்குப் போனதும் சிவாஜினி ஃபோன் எடுப்பாள். நிஸா அவளுக்கு அந்த வசனத்தைச் சொல்லிக்கொடுத்தார். முதல் தரமே பிழையில்லாமல் திருப்பிச் சொன்னாள். உச்சரிப்பும் சுத்தம். நிஸாவுக்கு மனம் குளிர்ந்தது. யார் அடிப்பது என்று ஜேர்மனில் கேட்டார். யா, கேர்ன் என்றாள் சிவாஜினி.

நிஸா தமிழில் கேட்டார்: "நீ இப்ப என்ன சொன்ன?"

"நீங்க சொல்லித் தந்ததை, மிஸ்."

"அந்த முதல் வசனத்தத் தமிழில சொல்லு."

லைன் விழுந்துவிட்டதோ என்று நிஸா ஃபோனைப் பார்த்தார்.

"தமிழில ஏலாது, மிஸ்."

மொழி ஆசிரியராக இத்தனை வருடங்களில் நிஸா கண்ட தோல்விகளில் இதுதான் பெரிது. அந்தப் பெண்ணுக்கு ஜேர்மன் வசனம் வலிக்கவில்லை. அது வெறும் சத்தம். வலிக்கும் மொழியில் அதைச் சொல்ல அவளுக்கு அனுமதி இல்லை. ஆக, அவளிடம் எந்த மொழியிலும் அந்த வசனம் இல்லை. ஜேர்மன் ரீச்சர் முதலில் தமிழ் கற்பிக்க வேண்டியதாயிற்று. பல காலைகள் போயின. கடைசியில் ஒரு நாள், "அவர் எனக்கு அடிக்கிறவர்" என்று சிவாஜினி தமிழில் சொன்னாள். சொல்லிவிட்டு, "தங்கச்சிக்குக் கலியாணப் பேச்சுக் கால் நடக்குது, மிஸ், இது வெளியில வரக்கூடாது" என்றாள்.

வசனம் வந்தாலும் அதைச் சொல்லும் நேரம் வேண்டும். கர்ப்பத்துக்காக அவள் போகும் டொக்டர் ஒரு பெண். ஒவ்வொரு தடவையும் கிருஷாந்தன் கூடப் போவான். டொக்டர் கேட்பதற்கு அவனே பதில் சொல்வான். இன்னும் சில நாட்களில் மறுபடி போக வேண்டும். பொலிஸ் எப்போது வரும் என்று தெரியாது. டொக்டரிடம் போகும் நாள் தெரியும். அவன் அருகில் இருக்கும்போதே அவள் பேசியாக வேண்டும். நிஸா மூன்று சிறிய வசனங்களைத் தேர்ந்தெடுத்தார். இல்லை. அவர் சொல்வது சரியல்ல. நான் தனியே பேச வேண்டும்.

தான் டொக்டராக இருந்து கேள்வி கேட்டார், ஒவ்வொரு நாளும் வேறு வேறு விதமாக. சிவாஜினி தடுமாறித் தடுமாறி வந்தாள். பிறகுதான் நிஸாவுக்கு ஒன்று உறைத்தது: இந்த ஒத்திகையில் ஒரு ஆள் குறைகிறான். அன்ஸார் வீட்டில் நின்ற ஒரு நாள் அவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தினார்.

"நீங்க அவன்ட இடத்தில இருந்து குறுக்க பேசுங்க."

"எனக்கு அந்தப் பாஷை தெரியாதே."

"அவன் அவளோட தமிழிலதானே பேசுவான்."

"இவ்வளவு வருஷமா உனக்கு முன்னால வாய் திறக்கவிடல்ல. இப்ப திறக்கச் சொல்ற," என்றார் அன்ஸார். ஃபோனில் சிவாஜினி சிரித்தாள். அவள் சிரித்து நிஸா கேட்டது வகுப்புக் காலத்துக்குப் பிறகு அன்றுதான்.

நிஸா ஜேர்மனில் கேட்டார்: வீட்டில் எல்லாம் நலமா? சிவாஜினி மூச்சை இழுத்தாள். அந்த இடத்தில் அன்ஸார் மெல்லச் சிரித்து, அதட்டாமல், கிட்டத்தட்ட அன்பாகச் சொன்னார்: "விடு. உனக்கு விளங்காது. நான் சொல்றன்."

இழுத்த மூச்சு வசனமாக வரவில்லை. சிவாஜினி தமிழில் சொன்னாள்: "அவரும் சத்தம் போடமாட்டார், அண்ணா. இப்பிடித்தான் சொல்லுவார்."

அன்ஸார் எழுந்து சேர்ட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். துறைமுக மதிலோரம் நடந்துவிட்டு வந்து, சாப்பாட்டுக் கோப்பையைத் தொடாமல் இருந்தார். "அந்தக் கதைய நான் யோசிச்சுச் சொல்லல்ல, நிஸா. ரெடியா இருந்த மாதிரி வந்திச்சு," என்றார். இனிமேல் மாட்டேன் என்றார். செய்யத்தான் வேண்டும் என்றார் நிஸா. அந்தக் குரலுக்கு மேலால் பேசப் பழகாவிட்டால் அவள் பழகியதெல்லாம் வீண். மறுநாளும் அன்ஸார் இருந்தார். அதற்கு மறுநாளும். ஒவ்வொரு நாளும் அதையே சொன்னார், ஒவ்வொரு நாளும் முகம் கறுத்து எழுந்தார். கடைசி நாள் அவர் சொல்லி முடிக்குமுன்பே சிவாஜினி, "நைன்", இல்லை, என்றாள். சொல்லிவிட்டாள்.

டொக்டரிடம் போகும் நாள் நிஸா வகுப்பு வைக்கவில்லை. வைத்திருந்தாலும் வருவதற்கு ஐந்தாறு பேர்தான். பின்னேரம் ஒரு குரல் பதிவு வந்தது. குசுகுசுப்பு. "மிஸ், சொல்லிட்டன். அவரை வெளியில நிக்கச் சொல்லிட்டா டொக்டர். வேற ஒரு மனிசியைக் கூப்பிட்டிருக்கினம். ஃபோனை நிப்பாட்டச் சொல்லினம்."

கிண்ணியாவில் ஒரு வரிசை வீடுகளை நகர்த்திய நாளில்கூட நிஸா அப்படி அழவில்லை. அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டார். அடுத்த நாளும் செய்தி வரும் என்று நினைத்தார். வரவில்லை. அந்த வாரமும் வரவில்லை. எண்ணை அழுத்தினால், ஃபோன் நிறுத்தப்பட்டிருப்பதாக ஜேர்மனில் ஒரு இயந்திரக் குரல் சொன்னது. அந்தக் குரல் சொன்னதெல்லாம் அவருக்கு விளங்கியது. விளங்கி என்ன.

கிருஷாந்தன் சல்லிக்கு ஃபோன் பண்ணினான். உங்கள் மகள் ஓடிவிட்டாள், வயிற்றில் என் பிள்ளையோடு ஓடிவிட்டாள், அங்கே ஒரு ரீச்சர் தூண்டிவிட்டிருக்கிறாள் என்றான். ஊருக்குச் செய்தி பரவ அது போதும். முஸ்லிம் ரீச்சர் தமிழ்ப் பெட்டையின் குடும்பத்தைக் கெடுத்துவிட்டாள் என்று சல்லியில் சொன்னார்கள். இவளுக்கு ஏன் அவங்கட வீட்டு விஷயம் என்று கிண்ணியாவில் சொன்னார்கள். அவன் அடித்தானா என்று இரண்டு இடத்திலும் ஒருவரும் கேட்கவில்லை.

சிவபாதம் ஒரு முற்பகல் வந்தார். சத்தம் போடவில்லை. கடலால் வந்த கோலத்திலேயே வந்து, கீழே பனருக்கு முன்னால் நின்று, மகளின் படத்தை எடுக்கச் சொன்னார். பனர் ஒரே துண்டு, தனியே எடுக்க முடியாது என்றார் நிஸா. "அப்ப வெட்டுங்கோ," என்றார். கயிற்றுக் கடைக்காரரிடம் கத்தரி வாங்கி, வீதியே பார்த்திருக்க, நிஸா வெட்டினார். சிவபாதம் துண்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

அவர் கொடியவர் அல்ல. கொடியவராக இருந்திருந்தால் எழுதுவது சுலபம். இளைய மகளுக்கு வந்த சம்பந்தம் நின்றுவிட்டது. அவர் அறிந்த உலகத்தில் ஒரு மகள் அடிவாங்குவது துக்கம். இரண்டு மகள்களும் வாழாமல் போவது நாசம். அப்படி ஒரு கணக்கைப் போட அவருக்குக் கற்றுக்கொடுத்தவர்களை, அதைச் சரியென்று மந்திரமும் பிரசங்கமும் சொல்லிக் காப்பவர்களை, யாரும் கத்தரியோடு கேட்கப்போவதில்லை.

பனரின் நடுவில் சதுரமாக ஓட்டை விழுந்த பிறகு வகுப்புக்கு மிச்சமிருந்தவர்களும் நின்றார்கள். பிரசாந்தி கொழும்பில் வேறு வகுப்பில் சேர்ந்துவிட்டாளாம்.

நிஸா இணையத்தில் தேடி, அந்தச் சிறிய நகரத்தில் வன்முறைக்கு உள்ளான பெண்களுக்கு உதவும் அலுவலகம் ஒன்றின் எண்ணைக் கண்டுபிடித்தார். ஒரு பெண் பேசினாள். நிஸா எல்லாவற்றையும் சொன்னார்; தன் வாழ்க்கையிலேயே ஜேர்மனை அவ்வளவு நன்றாகப் பேசியது அன்றுதான். அந்தப் பெண் முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: அப்படி ஒருவர் எங்களிடம் இருக்கிறாரா இல்லையா என்று சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லை. யாராவது தேடிப்போய்த் தாக்காமல் இருக்க அந்த விதி. நியாயமான விதி. செய்தி ஏதும் இருந்தால் சொல்லுங்கள், அப்படி ஒருவரைத் தெரிந்திருந்தால் சேர்ப்போம் என்றாள். தாயின் மனம் கொஞ்சமாவது ஆறட்டும் என்று நிஸா இதை யோகம்மாவுக்கு ஃபோனில் சொன்னார்.

அது பிழையாகப் போயிற்று. அடுத்த கிழமை யோகம்மா மேல்மாடிக்கு ஏறிவந்தாள். வெறும் கதிரைகளைப் பார்த்தாள். முன்வரிசையில் ஒன்றில் இருந்தாள்.

"அவளின்ர அப்பா ஒரு செய்தி சொல்லிவிட்டவர், ரீச்சர்." பஸ்ஸில் பாடமாக்கிக்கொண்டு வந்தது போல மேசையைப் பார்த்துச் சொன்னாள்: அப்பாவுக்குச் சுகமில்லை, தங்கச்சியின் கலியாணம் நின்றுபோச்சு, கிருஷாந்தன் எல்லாத்தையும் மன்னிச்சிட்டார், உடனே வீட்டுக்குத் திரும்பிப் போ.

நிஸா எண்ணை அழுத்தினார். அதே பெண்தான் எடுத்தாள். தாய் வந்திருக்கிறார் என்று நிஸா சொன்னார். யோகம்மா நிஸாவின் முழங்கையைப் பிடித்தாள்.

"உயிரோட இருக்கிறாளோ எண்டு மட்டும் கேளுங்கோ."

கேட்டார். சொல்ல அனுமதி இல்லை, வருந்துகிறேன் என்றாள் அந்தப் பெண். செய்தி உண்டா என்று கேட்டாள்.

சிவபாதம் சொல்லியனுப்பிய செய்தியை ஜேர்மனில் சொல்வது கடினமல்ல. நிஸாவின் முதல் மாத மாணவிகூடச் சொல்லக்கூடிய சொற்கள். அந்தப் பெண் அதை எழுதிக்கொள்வாள். எங்கோ ஒரு அறையில் சிவாஜினி அதைக் கேட்பாள். கேட்டால் அவள் யா, கேர்ன் என்று எழுந்து போய்விடுவாள் என்று நிஸாவுக்குத் தெரியும்.

"நான் இதச் சொல்ல மாட்டன், அக்கா."

"அவர் சொல்லச் சொன்னவர்."

"சொல்ல மாட்டன். வேற யாரையும் பிடிச்சிச் சொல்லுங்க."

யோகம்மா கையை நீட்டினாள். நிஸா ஃபோனைக் கொடுத்தார். அந்தப் பக்கம் ஹலோ, ஹலோ என்று கேட்டது. யோகம்மா அதைக் காதில் வைத்து, யாரென்றே தெரியாத அந்த ஜேர்மன் பெண்ணிடம், "பிள்ளை" என்றாள். அதற்கு மேல் வரவில்லை. அந்தப் பெண்ணும் வைத்துவிடவில்லை. இரண்டு பேரும் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு யோகம்மா ஃபோனைத் திருப்பித் தந்தாள்.

"நான் வந்தனான் எண்டு சொல்லுங்கோ. காணும்."

நிஸா சொன்னார். உங்கள் அம்மா வந்தார். அந்தப் பெண் அதைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துவிட்டு வைத்தாள்.

"சொல்ல ஏலாது எண்டால், அங்க இருக்கிறாள் எண்டுதானே அர்த்தம்?" என்று கேட்டாள் யோகம்மா.

"தெரியாது, அக்கா. இல்லாட்டியும் அவங்க அப்பிடித்தான் சொல்லுவாங்க."

யோகம்மா தலையாட்டினாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்து, கைப்பையை எடுத்துக்கொண்டு படிவரை போனாள். அங்கே நின்று, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்:

"அவரிட்ட, திரும்பிப் போகச் சொல்லிப்போட்டம் எண்டு சொல்லுவன். கேட்டால் நீங்களும் அப்பிடியே சொல்லுங்கோ."

"ஓம்," என்றார் நிஸா.

சல்லி பஸ்ஸைப் பிடிக்க அவள் கீழே இறங்கினாள்.